ஓசி என்று மட்டும் சொல்லாதீர்கள்

1

ஞாயிற்றுக்கிழமை காலை. டெவன்டர் என்கிற இந்த நெதர்லாந்து ஊரில் ஞாயிறன்று வாத்துகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் கத்தும். சன்னலோரம் நின்று மழையை வெறுத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்த நாளிலிருந்து நான் தவறாமல் செய்துவரும் ஒரே வழிபாடு அது. அப்போது எருமப்பட்டியிலிருந்து முருகேசண்ணன் ஒரு படம் அனுப்பினார். முருகேசண்ணன் என் பெரியப்பா மகன். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். பாறையைத் துளைத்துத் தண்ணீர் கண்ட மனிதர், மகனுடைய பதினோராம் வகுப்பு இயற்பியலில் ஈரம்கூடக் காணாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

படத்துக்குப் பின்னாலேயே குரல் வந்தது.

"தம்பி, நல்லாருக்கியா சாமி? பையனுக்கு இந்தக் கணக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. நீ வாத்தியாருதானே, கொஞ்சம் பாத்துச் சொல்லு. ஆனா ஒண்ணு, வெளிய உட்றாத. ஸ்கூல் மெட்டீரியலு. சீக்ரெட்டு. வெளிய போச்சுன்னா டிசி குடுத்துப்போடுவாங்க."

படத்தைத் திறந்தேன். பக்கத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை, சாம்பல் நிறத்தில் பள்ளியின் பெயர் படுத்துக்கிடந்தது. அடியில் ஒரு வரி: நகலெடுப்பது சட்டப்படி குற்றம். அந்தச் சாம்பலுக்கு அடியில், சேற்றில் புதைந்த மாடு தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பதுபோல், சில வாக்கியங்கள் என்னைப் பார்த்தன.

'கடலைக்காட்டில் பச்சை ரிக் வண்டி ஒன்று நிற்கிறது. கம்ப்ரஸர் ஓட ஓட, குழாய்க்குள் காற்று தேரோட்டக் கூட்டம்போல் நெருக்கித் தள்ளிக்கொள்கிறது. அந்த நெரிசலுக்கு இயற்பியல் வைத்த பெயர் அழுத்தம்.'

நான் எழுதியவை. வார்த்தைக்கு வார்த்தை. காற்புள்ளிக்குக் காற்புள்ளி.

அண்ணனின் அடுத்த குரல் வந்து விழுந்தது. "பாத்தியா, எப்பேர்ப்பட்ட ஸ்கூலு! நம்ம ரிக்கு வண்டியக்கூடப் பாடத்துல கொண்டாந்துருக்காங்க. மூளைக்காரங்க தம்பி, மூளைக்காரங்க."

அந்தப் பச்சை வண்டி அவருடையது. கல்லூரி விடுமுறையில் அதன் பின்னால் தொற்றிக்கொண்டு அலைந்து, காது அடைத்து, தலை முதல் கால்வரை பாறைமாவு பூசி நின்றவன் நான். தன் வண்டியைப் பற்றித் தன் தம்பி எழுதியதை யாரோ மூளைக்காரர்கள் எழுதியதாக எண்ணி, அதை என்னிடமே ரகசியமாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

சிரித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

இந்த ஊரில் நான் ஒரு தொழிற்பள்ளி ஆசிரியன். வெல்டிங்கும் குழாய் வேலையும் கற்கும் பிள்ளைகளுக்கு அழுத்தம், வெப்பம், விசை சொல்லித்தருகிறேன். முதல் வருடம் அவர்களை எல்லாம் மரியாதைப் பன்மையில் அழைத்தேன். டச்சில் அப்படி ஒரு சொல் உண்டு, கிழவர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உரியது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் என்ன செய்வேன்? தொட்டில் பிள்ளையைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடும் பக்கத்திலிருந்து வந்தவன். எந்த மொழியில் பேசினாலும் வாக்கியத்தின் வாலில் ஒரு 'ங்க' ஆடிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஆசிரியர் அறையில் ஒரு வழக்கம். யார் பாடம் தயாரித்தாலும் பொது அடுக்கில் போட்டுவிடுவார்கள். தேவைப்பட்டவர் எடுத்து, வெட்டி, ஒட்டி, தன் வகுப்புக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்வார். ஹெங்க் என்கிற வெல்டிங் ஆசிரியர் என் காற்றழுத்தப் பாடத்தை எடுத்துப் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியில் தன் வாயு உருளைகளை நுழைத்து, அடியில் நன்றியாக என் பெயரைப் போட்டார். போட்டது என் அப்பா பெயரை. என் முதலெழுத்தை விரித்துக் குடும்பப்பெயர் ஆக்கிவிட்டது இங்குள்ள அலுவலகம். ஆகவே எட்டாம் வகுப்போடு பள்ளியைவிட்டு ஓடிய நல்லசாமி, டச்சுக்காரர்களுக்கு வெல்டிங் பாடம் எழுதிய பேராசான் ஆகிவிட்டார்.

இவர்களை உயர்த்திப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாடத்தைப் பொதுவில் வைக்கும் இதே மனிதர்கள் பிஸ்கட் டப்பாவை மட்டும் அலமாரியில் பூட்டிவைப்பார்கள். ஒன்று எடுத்துக்கொண்டபின் நம் கண்முன்னாலேயே மூடிவிடுவார்கள். ஓட்டைச் சைக்கிளுக்கு இரண்டு பூட்டு. ஆனால் எதைப் பூட்ட வேண்டும், எதைப் பூட்டக்கூடாது என்று ஏதோ ஒரு கணக்கு இவர்களிடம் இருக்கிறது. நான் வந்த புதிதில் என் பட்டத்தை மதிப்பிட மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். மொழிபெயர்ப்பு, முத்திரை, முத்திரைக்கு முத்திரை. கடைசியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் என் அசல் சான்றிதழை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தந்தாள். "இது உங்களுடையது. எங்களுக்கு நகல் போதும்." அதை வாங்கிக்கொண்டு பனியில் நடந்தபோது எனக்கு ஏன் அவ்வளவு விசித்திரமாக இருந்தது என்று அன்றைக்குப் புரியவில்லை.

3

சேலத்தில் படித்த நாட்களில் சூரமங்கலத்தில் ரயில்வே ஊழியர் ஒருவர் வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தேன். ரயில் போகும்போதெல்லாம் புத்தகம் மேசையிலிருந்து நகரும். புத்தகம் என்று சொன்னேன். புத்தகத்தின் அட்டை என்று சொல்லியிருக்க வேண்டும். கல்லூரி நூலகத்தில் தேர்வுக்கு முந்தைய வாரம் எந்தப் புத்தகத்திலும் முக்கியமான பக்கம் இருக்காது. முதலில் எடுத்தவன் பிளேடால் கீறிக்கொண்டு போயிருப்பான். அவனுக்கு ஜெராக்ஸ் எடுக்கக் காசில்லாமல் அல்ல. வாசலிலேயே மூன்று ஜெராக்ஸ் கடை. தான் படித்தால் மட்டும் போதாது, அடுத்தவன் படிக்கக்கூடாது. அப்படிக் கீறியவர்கள்தாம் பின்னாளில் எங்கள் பக்கத்துக் கல்வித் தந்தைகள் ஆனார்கள். சிலரை எனக்கு முகம் தெரியும். இன்று நெடுஞ்சாலை விளம்பரத் தட்டிகளில் மாணவர்களின் முகங்களுக்கு மேலே அவர்கள் முகம் பெரிதாகச் சிரிக்கிறது.

ஆகவே நான் எழுதியதைப் பூட்டவில்லை. வருடங்களாக, பள்ளி முடிந்த மாலைகளில், பதினொன்று பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை நம் ஊர்ச் சாமான்களைக் கொண்டு தமிழில் எழுதினேன். லாரியின் ஏர் பிரேக், முட்டைப் பண்ணையின் குஞ்சு பொரிப்பான், ஜேடர்பாளையம் அணையின் ஷட்டர். எழுதி, இணையத்தில் பொது உரிமத்தில் வைத்தேன். பொது உரிமம் என்பது ஒன்றும் மந்திரமல்ல. யாரும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், திருத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம். இரண்டே நிபந்தனை. எழுதியவன் பெயரைச் சொல்லவேண்டும். உனக்குக் கிடைத்த சுதந்திரத்தை அடுத்தவனுக்கும் தரவேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பிடுங்க முடியாது, எழுதியவனாலும் முடியாது.

பிளேடு வைத்திருந்தவர்களுக்கு என் பதில் என்று அப்போது பெருமையாக நினைத்துக்கொண்டேன். பிளேடுக்காரர்கள் மறுமொழி சொல்ல இத்தனை நேர்த்தியாக வருவார்கள் என்று நினைக்கவில்லை.

4

என் தங்கை சுமதி அதே பள்ளியில்தான் இயற்பியல் ஆசிரியை. பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். நாமக்கல்லைச் சுற்றி எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் அதுபோல் ஒன்று வரும். முருகேசண்ணனின் படத்தைப் பார்த்த கையோடு அவளை அழைத்தேன்.

"ஏம்மிணி, உன்ற ஸ்கூல்ல என்ற பாடத்துக்குச் சீல் அடிச்சது எவன்?"

அவளுக்குப் பின்னால் எங்கோ லாரி ஒன்று மூச்சை விட்டது.

"முருகேசண்ணன் அனுப்புனாருங்களா?"

"ஆமா."

"உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு இருந்தனுங்ணா. சொன்னா அங்கிருந்து குதிப்பீங்க. குதிச்சு என்ன ஆவப்போவுது?"

மெல்ல மெல்லச் சொன்னாள். முதலில் அவள்தான் என் பாடங்களை வகுப்பில் நடத்தியிருக்கிறாள், என் பெயரோடு. நன்றாகப் போகிறது என்று தெரிந்ததும் பள்ளியின் மெட்டீரியல் பிரிவு இணையத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, பெயரை வெட்டி, சாம்பலைப் பூசி, அட்டை போட்டுப் பிள்ளைகளுக்கு விநியோகித்துவிட்டது. எருமப்பட்டியில் அவள் வீட்டுக்கு மாலையில் அரசுப் பள்ளிப் பெண்கள் சிலர் படிக்க வருவார்கள். அவர்களுக்கும் அதே பாடத்தை, இணையத்திலிருந்து, வழக்கம்போல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பெற்றோர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போன் போட்டிருக்கிறார். நாங்கள் கட்டணம் கட்டி வாங்கும் ரகசியம் தெருவில் கிடக்கிறதே என்று.

"நான் திருடுனேனாமுங்ணா. உங்க பாடத்த. அவங்ககிட்ட இருந்து."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது.

தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகள் சிலவற்றில் வேலைக்குச் சேரும் ஆசிரியர் முதல் நாளே தம் அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பு முதல் பி.எட். வரை எல்லாம் தாளாளர் அறைப் பீரோவுக்குள் போய்விடும். பாதியில் வேறு பள்ளிக்கு ஓடிவிடாமல் இருக்க. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எதற்கென்று யாராவது கேட்பார்களா? ஆசிரியரும் கேட்பதில்லை. ஊரும் கேட்பதில்லை. இதை 'முறை' என்கிறார்கள்.

சுமதி அரசு ஆசிரியர் தேர்வில் தேறியிருந்தாள். எத்தனையோ வருடக் கனவு. வரும் புதன்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. அசலைக் காட்டவேண்டும், நகல் செல்லாது. அசலைக் கேட்கப் போனவளிடம் தாளாளர் சொன்னார்: பள்ளியின் சொத்தான பாடங்களைத் திருடி வெளியே கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு, தருகிறேன்.

"எழுதிக் குடுத்துட்டு வாங்கிட்டு வந்துரு," என்றேன். " பொய்தானே, போவட்டும்."

"அந்தக் காயிதத்தையும் அதே பீரோவுலதானுங்ணா வெப்பாரு. நாளைக்கு நான் கவருமெண்ட்டு வேலைல உக்காந்தப்புறம், இந்தம்மா திருடின்னு எடுத்து நீட்டுனா?"

"போலீசு?"

"ஒரிஜினலத் தொலைச்சுட்டோம்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா? டூப்ளிகேட் வாங்கறதுக்குள்ள புதன்கிழம போயிரும், வேலையும் போயிரும்."

அப்போதுதான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் நினைவுக்கு வந்தாள். என் பாடத்தை ஆயிரம்பேர் நகலெடுத்தாலும் அது ஒரு எழுத்துக்கூடக் குறையாது. அதற்குப் பூட்டுப் போட்டார்கள். என் தங்கையின் சான்றிதழ் உலகத்தில் ஒன்றே ஒன்று. அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பொதுவானதைத் தனதாக்கி, தனியானதைப் பறித்துக்கொள்ளும் இந்தத் தலைகீழ் அறிவுக்குத்தான் நம் ஊரில் நிர்வாகத் திறமை என்று பெயர்.

5

என் மகள் இனியாவுக்குப் பதினேழு வயது. தமிழ் பேசுவாள், அதுவும் டச்சு மழையில் நனைந்த தமிழ். படிக்க வராது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழில் இயற்பியல் எழுதிய தகப்பனின் ஒரு பாராவைக்கூட அவளால் வாசிக்க முடியாது. போனில் நான் கத்தியதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், பாத்திரம் கழுவியபடியே கேட்டாள்.

"அத்தை சர்டிபிகேட்டை அவர் வெச்சிருக்கார். சரி. அத்தை மறுபடி டவுன்லோட் பண்ணிக்கலாமே?"

"அது டவுன்லோட் பண்ற சாமான் இல்ல, சாமி."

"ஏன்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூக்கணாங்கயிறு, பீரோ, முறை. எதை எந்த மொழியில் தொடங்குவது?  அதற்குள் அவள் காதில் பாட்டைச் செருகிக்கொண்டாள்.

யோசனை கேட்க இங்குள்ள தமிழ்ச் சங்கத் தலைவரையும் அழைத்தேன். பொங்கலுக்குப் பொங்கல் எனக்குப் பொன்னாடை போர்த்தி, என் பாடங்களைத் 'தமிழன்னையின் மணிமகுடம்' என்று மேடையில் வர்ணிக்கும் மனிதர். ஒரு பக்கமும் படித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். "நான் அப்பவே சொன்னேனே," என்றார். "பாஸ்வேர்டு போட்டு உறுப்பினர்களுக்கு மட்டும்னு வெச்சிருக்கணும்." ஐயாயிரம் மைல் கடந்து வந்தும் பிளேடு பையிலேயே இருக்கிறது.

6

திங்கட்கிழமை முருகேசண்ணனே அழைத்தார்.

"கணக்குப் போட்டியா தம்பி?"

"போட்டுட்டனுங்ணா. அதுக்கு முன்னாடி ஒரு சேதி. அந்தப் பாடத்த எழுதுனது நாந்தான்."

"அட, வெளையாடாத சாமி."

"லிங்க் அனுப்பறேன், பாருங்க. அடியில என்ற பேரு இருக்கும். யாரு வேணா எடுத்துப் படிக்கலாம்."

திறந்து பார்த்தார் போலிருக்கிறது. 

"அப்ப... அந்தப் பச்ச வண்டி?"

"உங்க வண்டிதானுங்ணா."

பூரித்துப் போவார் என்று காத்திருந்தேன். பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுவார், மகனுக்குச் சொல்லுவார், பள்ளியைத் திட்டுவார். என் தங்கைக்காகத் தாளாளரின் கழுத்துப் பட்டையைப் பிடித்தாலும் பிடிப்பார்.

"அப்ப இது ஓசியா?" என்றார்.

"ஓசின்னு சொல்லாதீங்க. பொதுவுல வெச்சிருக்கறது."

"எருமப்பட்டி கவருமெண்ட்டு ஸ்கூல் புள்ளைங்ககூடப் படிக்கலாமா?"

"அவங்களுக்காகவுந்தான் எழுதுனது."

"அட போ சாமி," என்றார், ஏமாந்த குரலில். "என்ற வண்டியப் பத்தி நீ எழுதுனது. அதுவும் ஓசில கெடக்குது. இதுல என்ன பெரிய படிப்பு இருந்துறப் போவுது? நானு என்னமோன்னு நெனச்சுப்போட்டேன்."

சுமதியின் சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். "அது பாவந்தான், பாப்பம்," என்றார். அவர் மனசு வேறெங்கோ இருந்தது. "தம்பி, இதை நீ யாருகிட்டயும் சொல்லிராத. ஒறம்பரை சொந்தபந்தம் முன்னாடியெல்லாம் அந்த ஸ்கூலு மெட்டீரியலப் பத்திப் பெருமை பேசி வெச்சிருக்கறேன். மானம் போயிரும்."

அன்று மாலையே மறுபடி அழைத்தார். ராசிபுரம் பக்கம் இன்னொரு பள்ளிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார். குரலில் தெம்பு திரும்பியிருந்தது. "அவங்க மெட்டீரியல நெட்டுல தேடிப் பாத்துட்டேன் தம்பி. எங்கயுமே கெடைக்கல. நல்ல மெட்டீரியலு."

பாறைக்கு அடியில் எங்கே ஈரம் இருக்கும் என்று மண்ணை முகர்ந்தே சொல்லும் மனிதர். ஒரு பக்கத்தைப் படித்து அது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு உயரமான சுவருக்குப் பின்னால் அது இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்லுவார். அவர் மட்டுமா? கோயிலில் சிறப்புத் தரிசன வரிசையில் நின்றால்தான் சாமி தெரியும் என்று நம்பும் ஊர் அது. இலவசமாகக் கிடைத்த மிக்சியைக் கேலி பேசிக்கொண்டே அதில் சட்னி அரைக்கும் ஊர். 'பிராய்லர் பள்ளி' என்று சிரித்துக்கொண்டே பிள்ளையைக் கொண்டுபோய்க் கூண்டில் அடைக்கும் ஊர். கோழிக்காவது அதிகாலையில் எழுந்து மனப்பாடம் செய்யும் தண்டனை இல்லை.

இப்படியெல்லாம் மனசுக்குள் காறித் துப்பியபடி ஐசல் ஆற்றுப் பாலத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் அது புலப்பட்டது. இந்த அவமானம், இந்த அற்ப அவமானம், முருகேசண்ணனுக்கு இவ்வளவு வலித்தால், அந்தத் தாளாளருக்கு எவ்வளவு வலிக்கும்?

7

சரிபார்ப்புக்கு முந்தைய நாள். என் மதிய இடைவேளை, அவர்களுக்குப் பள்ளி விடும் நேரம். சுமதி தாளாளர் அறைக்குப் போய், தன் போனில் என்னை அழைத்து, மேசைமேல் நிறுத்திவைத்தாள். திரையில் ஒரு பட்டுச் சட்டை, திருநீறு, பின்னால் இரும்புப் பீரோ. கோழித் தீவன ஏஜென்சியிலிருந்து கல்விக்கு வந்த மனிதர். தீவனம் போடும் முறையை மாற்றிக்கொள்ளத் தேவைப்படவில்லை போலும்.

"வாங்க தம்பி, வாங்க. ஹாலந்துல குளிருங்களா?"

"என் தங்கச்சி சர்டிபிகேட்டப் பத்திப் பேசலாமுங்க."

"பத்திரமா இருக்குதுங்க. நம்ம பீரோவுல இருக்கற வரைக்கும் கரையான்கூட அண்டாது."

"அந்தப் பாடமெல்லாம் நான் எழுதுனதுங்க."

"தெரியுமுங்க."

அதை அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

"நல்லா எழுதிருக்கறீங்க. யாரு வேணா எடுத்துக்கலாம், விக்கலாம்னு நீங்களே போட்ருக்கறீங்க. எடுத்துக்கிட்டோம். தப்புங்களா?"

"எடுத்தது தப்பில்லீங்க. வித்ததுகூடத் தப்பில்ல. பேரை வெட்டுனது தப்பு. அடுத்தவன் படிக்கக்கூடாதுன்னு பூட்டுனது அதவிடப் பெரிய தப்பு. அதுக்கு மேல, அதையே படிக்கக் குடுத்த புள்ளையத் திருடின்னு சொன்னது..."

அவர் கையை உயர்த்தினார். கோபமில்லை. வாடிக்கையாளருக்குச் சரக்கை விளக்கும் பொறுமை.

"தம்பி, நீங்க நெட்டுல போட்டு எத்தன வருசமாச்சு? நம்ம பக்கம் எத்தன பசங்க படிச்சாங்க? உங்க தங்கச்சி ஊட்டுக்கு வர்ற நாலு புள்ளைங்க. நான் அதுக்கு அட்டை போட்டேன். சீல் வெச்சேன். வெளிய காட்டுனா டிசின்னு சொன்னேன். இன்னைக்கு ஹாஸ்டல் முச்சூடும் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உங்க பாடத்தத்தான் படிக்குது. நியாயமாப் பாத்தா நீங்க எனக்கு மாலை போடணுமுங்க."

 எனக்கு அந்த மனிதர்மேல் இருந்த இளக்காரம் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் என்று கைவைக்க ஒரு சொல் இல்லை. மேசையோரம் சுமதியின் கை மட்டும் திரையில் தெரிந்தது. விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

"சரிங்க," என்றேன். "அப்ப ஒண்ணு பண்றேன். ரிக் முருகேசன் எங்க அண்ணன். உங்க பேரண்ட்ஸ் குரூப்புல இருக்கறாரு. அந்தக் குரூப்புல ஒரே ஒரு லிங்க் போடச் சொல்றேன். உங்க மெட்டீரியல் பூராவும் ஓசின்னு."

முருகேசண்ணன் செத்தாலும் போடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தாளாளருக்குத் தெரியாது.

பட்டுச் சட்டை முன்னால் சாய்ந்தது. முகம் திரையை நிறைத்தது.

"தம்பி, நமக்குள்ள எதுக்குங்க இதெல்லாம்? வேணும்னா, திருடிட்டோம்னு சொல்லிக்குங்க. காப்பி அடிச்சோம்னு சொல்லுங்க, கேஸ் போடுங்க, பாத்துக்கலாம். ஓசின்னு மட்டும் சொல்லிராதீங்க."

திருட்டுப் பொருளுக்கு எங்கள் ஊரில் மதிப்புண்டு. திருடும் அளவுக்கு அது நல்ல சரக்கு என்று அர்த்தம். தெருவில் கிடந்ததை எடுத்து வந்து விற்றார் என்பதைத்தான் தாங்கமாட்டார்கள்.

எனக்கு உடம்பில் வேகம் ஏறியது. பிடி கையில் கிடைத்துவிட்டது. "அப்பச் சர்டிபிகேட்ட இப்பவே குடுங்க. அட்டையில என்ற பேரு வரணும். அந்தக் குறுக்குச் சீல எடுக்கணும். எருமப்பட்டிப் புள்ளைங்களுக்கும்..."

"அண்ணா."

சுமதியின் முகம் திரைக்குள் வந்தது.

"போதுங்ணா. உங்க பேரு எங்கயும் போயிராது. எனக்குச் சர்டிபிகேட்டு மட்டும் வாங்கிக் குடுங்க."

என் பெயரை விழுங்கினேன். சாம்பலை விழுங்கினேன். பெற்றோர் யாரிடமும் இனி இதைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். வாழ்நாளெல்லாம் அறிவு எல்லோருக்கும் பொது என்று பேசியவன், அது பொது என்பதை வெளியில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துதான் தங்கையை மீட்டேன்.

பீரோ திறந்தது. போன் சாய்வாக இருந்ததால் உள்ளே தெரிந்தது. காக்கி உறைகள், அடுக்கடுக்காக, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அவற்றில் ஒன்றை உருவி அவளிடம் நீட்டினார். அவள் பிரித்து ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அடுக்கைப் பார்த்தாள்.

"மத்த டீச்சருங்களோடதுங்க சார்?"

தாளாளர் பீரோவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார்.

"அவங்களுக்கெல்லாம் அண்ணன் ஹாலந்துல இல்லீங்களேம்மா."

8

சரிபார்ப்பு முடிந்தது. ஒரு குமாஸ்தா அந்தத் தாள்களைப் பார்த்ததாகச் சுமதி சொன்னாள். தாளைப் பார்த்தாரா, பக்கத்தில் விழுந்த ஈயைப் பார்த்தாரா என்று தெரியவில்லையாம். மலையடிவாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் இப்போது வேலை செய்கிறாள். ஒரிஜினலை எல்லாம் யார் கையிலும் கொடுக்காமல் வீட்டு அரிசி டிரம்மில் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டிருக்கிறாள். என் பாடங்களைத்தான் நடத்துகிறாள். அட்டை இல்லை, சீல் இல்லை, பெயர் உண்டு. பாதிப்பேர் படிக்கிறார்கள், பாதிப்பேர் அதில் ராக்கெட் செய்கிறார்கள் என்று சொன்னாள். பரவாயில்லை. ராக்கெட்டும் இயற்பியல்தான்.

முருகேசண்ணன் மகனை ராசிபுரத்துக்கு மாற்றிவிட்டார். சில நாட்களுக்கு முன் புதுப் பள்ளியின் ரகசியப் பக்கம் ஒன்றை எனக்கு அனுப்பினார். அதுவும் பொதுவில் கிடப்பதுதான். யாரோ ஒரு பெண் வேறொரு மாநிலத்தில் ஆங்கிலத்தில் எழுதியது. அச்சில் தட்டுத்தடுமாறித் தமிழாகியிருந்தது, அவள் பெயர் இல்லாமல். நான் கணக்கை மட்டும் போட்டு அனுப்பினேன். வாக்கு வாக்குத்தானே.

ஆனாலும் அன்று விழுங்கியது செரிக்கவில்லை. போன வாரம் சுமதியிடம் கேட்டேன்.

"அம்மிணி, இதையெல்லாம் ஒரு பத்திரிகைக்கு எழுதட்டுமா?"

"எழுதுங்ணா. ஸ்கூல் பேரு வேண்டாம். மீதிய எழுதுங்க."

"பேரண்ட்ஸ்கிட்டச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துருக்கறேன். அவங்கள்ல யாராச்சும் படிச்சுட்டா?"

"நீங்க எழுதறது பரீட்சைக்கு வருதுங்களா?"

"இல்ல."

"அப்புறம் அவங்க எங்க படிக்கப் போறாங்க, போங்ணா."